4294967297: ஒரு பகு எண்ணின் உள்ளமைப்பு

4294967297 என்பது பத்து இலக்க ஒற்றைப்படை எண். நானூற்று இருபத்தொன்பது கோடியே நாற்பத்தொன்பது லட்சத்து அறுபத்தேழாயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றேழு என்று அதை வாசிக்க வேண்டும். 2இன் 32ஆம் அடுக்கோடு 1 சேர்ந்தால் இந்த எண் வரும். சுருக்கமாக, 2³² + 1. சதுரங்கப் பலகையில் கட்டத்துக்குக் கட்டம் நெல்மணியை இரட்டித்துக்கொண்டே போகும் பழைய கதையை வைத்தும் இதன் அளவைப் புரிந்துகொள்ளலாம். பலகையின் முதல் பாதியான 32 கட்டங்களில் சேரும் மணிகள் மொத்தம் 4294967295. அடுத்த கட்டத்தில் மட்டும் 4294967296 மணிகள். அதன்மேல் இன்னும் ஒரே ஒரு மணியை வைத்தால் நம் எண் கிடைத்துவிடும். இரும எண்முறையில் இதன் தோற்றம் இன்னும் எளிது: முன்னால் ஒரு 1, பின்னால் ஒரு 1, நடுவில் 31 பூச்சியங்கள்.

கணித வரலாற்றில் இந்த எண்ணுக்குக் கிடைத்த இடம் ஒரு தவறான ஊகத்தால் வந்தது. பிரான்சின் தூலூஸ் நகர நீதிமன்றத்தில் பதவி வகித்துக்கொண்டே ஓய்வு நேரத்தில் எண்களை ஆராய்ந்தவர் பியேர் ஃபெர்மா. 2ஐத் தொடர்ந்து வர்க்கப்படுத்தி, ஒவ்வொரு முறையும் 1 கூட்டினால் கிடைக்கும் எண்கள் 3, 5, 17, 257, 65537. இவை ஐந்தும் பகா எண்கள். வரிசையில் ஆறாவதாக நிற்பது 4294967297. இவ்வாறு வரும் எல்லா எண்களும் பகா எண்களே எனத் தாம் ஏறத்தாழ உறுதியாக நம்புவதாக 1640இல் ஃப்ரெனிக்லுக்கு ஃபெர்மா எழுதினார். 1654இல் பாஸ்கலுக்கு எழுதும்போதும் நம்பிக்கை குறையவில்லை. நிறுவல்தான் இன்னும் கைக்கு வரவில்லை என்று ஒப்புக்கொண்டார். இன்று இவ்வெண்கள் அவர் பெயராலேயே ஃபெர்மா எண்கள் எனப்படுகின்றன. வரிசையைப் பூச்சியத்திலிருந்து எண்ணுவது வழக்கம் என்பதால் நம் எண் ஐந்தாம் ஃபெர்மா எண்.

கேள்வி பிறகு நெடுங்காலம் கிடப்பில் கிடந்தது. 1729 டிசம்பர் 1 அன்று கிறிஸ்டியன் கோல்ட்பாக், செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அறிவியல் கழகத்தில் இருந்த 22 வயது லியோன்ஹார்ட் ஆய்லருக்கு எழுதிய கடிதத்தின் பின்குறிப்பில், ஃபெர்மாவின் இந்தக் கூற்று தெரியுமா என்று விசாரித்தார். ஆய்லர் முதலில் அக்கறை காட்டவில்லை. பிறகு பிடித்துக்கொண்டார். 1732இல் கழகத்தின் முன் வைத்து, 1738இல் அச்சான சிறு கட்டுரையில் விடை வந்தது:

4294967297 = 641 × 6700417

அந்தக் கட்டுரையில் 641ஐ எப்படிக் கண்டார் என்று ஆய்லர் சொல்லவில்லை. 1747இல் முன்வைத்து 1750இல் வெளியான இன்னொரு கட்டுரையில்தான் வழி தெரிகிறது.

வழி எதுவுமே தெரியாத ஒருவர் என்ன செய்திருப்பார்? ஓர் எண் பகு எண் என்றால் அதன் வர்க்கமூலத்துக்கு மேற்படாத பகாக் காரணி ஒன்று இருந்தே தீரும். இங்கே வர்க்கமூலம் 65536ஐத் துளி தாண்டும். அதற்குக் கீழே 6542 பகா எண்கள் உள்ளன. அத்தனையாலும் வகுத்துப் பார்ப்பது மலைப்பான வேலை என்று தோன்றும். ஆனால் 641 பகா எண்களில் 116ஆவது. 2ஐ விட்டுவிட்டு 3, 5, 7 என்று வரிசையாக வகுத்துக்கொண்டு போனால் 115ஆவது வகுத்தலில் மீதி பூச்சியமாகிவிடும். பத்து இலக்க எண்ணை மூன்று இலக்க எண்ணால் வகுக்கும் கணக்குதான். பொறுமைசாலிக்கு ஓரிரு நாள் வேலை. 750 வரையிலான பகா எண்களின் பட்டியலை இத்தாலியின் கத்தால்தி 1603இலேயே அச்சிட்டிருந்தார். எனவே 641 எவருக்கும் எட்டாத இடத்தில் ஒளிந்திருக்கவில்லை. அப்படியிருந்தும் 92 ஆண்டுகள் அதை யாரும் வெளியிடவில்லை என்பதற்கு ஃபெர்மாவின் பெயருக்கு இருந்த மதிப்பும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

ஆய்லரின் வழியில் 115 வகுத்தல்கள் தேவையில்லை. 2³² + 1ஐ வகுக்கும் பகா எண் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அந்தப் பகா எண்ணால் 2³²ஐ வகுத்தால் மீதி −1. இரு பக்கமும் வர்க்கப்படுத்தினால் 2⁶⁴இன் மீதி 1. ஆக, 2இன் அடுக்குகளை வரிசையாக எடுத்து அந்தப் பகா எண்ணால் வகுத்துக்கொண்டே போனால், மீதியாக 1 முதன்முதலில் வருவது சரியாக 64ஆம் அடுக்கில். அதற்கு முன்பே வந்திருந்தால் அந்த அடுக்கு 64ஐ வகுத்திருக்க வேண்டும்; அப்போது 32ஆம் அடுக்கிலும் மீதி 1 ஆகியிருக்கும். மறுபுறம், ஃபெர்மாவின் சிறிய தேற்றம் ஒன்று உண்டு: ஒரு பகா எண்ணால் வகுபடாத எதையும், அந்தப் பகா எண்ணில் ஒன்று குறைத்து வரும் அடுக்குக்கு உயர்த்தினால் மீதி 1. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், பகா எண்ணில் ஒன்று குறைத்தது 64இன் மடங்காக இருந்தாக வேண்டும். நம் எண்ணின் பகாக் காரணி எதுவாயினும் அது 64இன் ஏதோ ஒரு மடங்கோடு 1 சேர்ந்தது.

இதற்குப் பிறகு கணக்கு விரல்விட்டு எண்ணக்கூடியதாகிவிடுகிறது. 65, 129, 193, 257, 321, 385, 449, 513, 577, 641 என்ற வரிசையில் பகா எண்கள் 193, 257, 449, 577, 641 ஆகிய ஐந்து மட்டுமே. பத்து இலக்க எண்ணை நேரடியாக வகுக்கவும் வேண்டாம். 2¹⁶ = 65536இன் மீதியைக் கண்டு, அந்த மீதியை வர்க்கப்படுத்தி, மீண்டும் மீதி கண்டு, 1 கூட்டினால் போதும். அப்படிச் செய்தால் 193க்கு 109 எஞ்சும், 257க்கு 2, 449க்கு 325, 577க்கு 288. அடுத்தது 641. 65536ஐ 641ஆல் வகுத்தால் ஈவு 102, மீதி 154. 154இன் வர்க்கம் 23716. 1 கூட்டினால் 23717. இது 641 × 37. மீதி பூச்சியம். ஐந்தாவது முயற்சியில் விடை.

இந்த வடிகட்டியை 1878இல் எதுவார் லூக்கா இன்னும் நுணுக்கினார். 64இன் மடங்கோடு 1 சேர்ந்த பகா எண் ஒவ்வொன்றிலும் 2 என்பது ஏதோ ஓர் எண்ணின் வர்க்கத்துக்குச் சமமான மீதி தரும். அந்த மூல எண்ணின் அடுக்குகள் 128ஆவதில்தான் முதன்முதலாக 1ஐத் தொடும். எனவே காரணிகள் 128இன் மடங்கோடு 1 சேர்ந்தவை. 129, 257, 385, 513, 641 என்ற பட்டியலில் பகா எண்கள் 257, 641 இரண்டே. 257தானே ஒரு ஃபெர்மா எண். அது நம் எண்ணை வகுக்காது என்பதைக் கீழே காணலாம். ஆகவே முறையாகச் சோதிக்க வேண்டிய முதல் எண்ணே 641.

641 ஏன் பொருந்துகிறது என்பதற்கு வகுத்தலே இல்லாத விளக்கமும் உண்டு. 641ஐ இரண்டு விதமாக எழுதலாம்: 5 × 2⁷ + 1 என்றும், 5⁴ + 2⁴ என்றும். முதல் வடிவத்தின்படி 5 × 2⁷இன் மீதி −1. நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸இன் மீதி 1. இரண்டாம் வடிவத்தின்படி 5⁴இன் மீதி −2⁴. அதை இதில் இட்டால் −2³²இன் மீதி 1 என்று வருகிறது. 2³² + 1 என்பது 641ஆல் மிச்சமின்றி வகுபடும். காகிதம் இல்லாமலே மனத்தில் வைத்துக்கொள்ளக்கூடிய நிறுவல் இது. ஆனால் 641ஐக் கண்டுபிடித்த பிறகுதான் இந்த நேர்த்தி கண்ணுக்குத் தெரியும். கண்டுபிடிக்க உதவியது 64 பற்றிய விதிதான்.

எஞ்சிய காரணி 6700417 பகா எண்ணா என்பதற்கும் அதே வடிகட்டி பயன்படும். அதற்குள் ஏதேனும் பகாக் காரணி இருந்தால் அது நம் எண்ணுக்கும் காரணி. எனவே 128இன் மடங்கோடு 1 சேர்ந்ததாக இருக்க வேண்டும். 6700417இன் வர்க்கமூலம் 2589க்குச் சற்றுக் கீழே. அந்த எல்லைக்குள் இவ்வடிவப் பகா எண்கள் 257, 641, 769, 1153, 1409 மட்டுமே. வகுத்தால் கிடைக்கும் மீதிகள் முறையே 170, 44, 120, 334, 622. ஒன்றும் பூச்சியம் இல்லை. 6700417 பகா எண். ஏழு இலக்க எண் ஒன்றின் பகாத்தன்மை ஐந்து வகுத்தல்களில் முடிந்துவிடுவது அபூர்வம். ஆக நம் எண்ணின் வகுத்திகள் நான்கே: 1, 641, 6700417, 4294967297. அவற்றின் கூட்டுத்தொகை 4301668356. நம் எண்ணைவிடச் சிறியதாகவும் அதனோடு பொதுக் காரணி இல்லாமலும் இருக்கும் எண்கள் 640 × 6700416, அதாவது 4288266240.

ஐந்தாம் ஃபெர்மா எண்ணைப் பற்றிய இன்னொரு கதை அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்துச் சிறுவன் ஜீரா கோல்பர்னுடையது. மனக்கணக்குப் புலியான அவனை அவன் தந்தை ஊர் ஊராக அழைத்துச் சென்று காட்டிவந்தார். 1812இல் லண்டனில், ஏறத்தாழ எட்டு வயதில், 4294967297க்குக் காரணி உண்டா என்று கேட்டபோது 641 என்று அவன் மனத்திலேயே கண்டு சொன்னதாகப் பதிவாகியுள்ளது. மேலே கண்ட 115 வகுத்தல்களை நினைத்தால் இது நம்பமுடியாத மாயமல்ல. அசாத்தியமான வேகம், அவ்வளவே.

நம் எண் பகு எண் என்பதை இரு வர்க்கங்களின் கூட்டலாலும் காட்டலாம். இந்த இடத்தில்தான் எண்ணின் உள்ளமைப்பு மிக அழகாகத் திறக்கிறது. 4-ஆல் வகுத்தால் மீதி 1 தரும் ஒவ்வொரு பகா எண்ணையும் இரு வர்க்கங்களின் கூட்டலாக எழுதலாம், அதுவும் ஒரே ஒரு விதத்தில்தான். இதை 1640 டிசம்பர் 25 தேதியிட்ட கடிதத்தில் மெர்சென்னுக்கு அறிவித்தவர் ஃபெர்மாவேதான், நிறுவியவர் ஆய்லர். நம் எண்ணுக்கு ஒரு வடிவம் கண்முன்னேயே இருக்கிறது: 65536² + 1². எண் பகா எண்ணாக இருந்தால் வேறு வடிவம் இருக்கக் கூடாது. ஆனால் இருக்கிறது:

62264² + 20449² = 3876805696 + 418161601 = 4294967297

இரண்டாவது வடிவம் எங்கிருந்து வந்தது என்பதைக் காரணிகள் சொல்லும். 641 = 25² + 4². 6700417 = 2556² + 409². இரு வர்க்கங்களின் கூட்டலாக அமைந்த இரண்டு எண்களைப் பெருக்கினால் பெருக்குத்தொகையும் அவ்வாறே அமையும், அதுவும் இரண்டு விதமாக. பிரம்மகுப்தர் 628இல் இயற்றிய நூலில் பொதுமைப்படுத்திய முற்றொருமை இதை உள்ளடக்கியது. 25ஐயும் 2556ஐயும் பெருக்கினால் 63900. 4ஐயும் 409ஐயும் பெருக்கினால் 1636. இவற்றின் கூட்டல் 65536, கழித்தல் 62264. குறுக்காகப் பெருக்கினால் 25 × 409 = 10225, 4 × 2556 = 10224. இவற்றின் கழித்தல் 1, கூட்டல் 20449. இரண்டு வடிவங்களின் நான்கு எண்களும் வந்துவிட்டன. 65536² + 1² என்ற வடிவத்தில் அந்த 1 எவ்வளவு எளிமையாகத் தெரிகிறது! காரணிகளின் பக்கமிருந்து பார்த்தாலோ, 10225க்கும் 10224க்கும் இடையிலுள்ள மயிரிழை வித்தியாசம் அது.

காரணி தெரியாமலேயே பகு எண் என்று காட்டும் வழியும் உண்டு. சிறிய தேற்றத்தின்படி, நம் எண் பகா எண்ணாக இருந்தால் எந்தச் சிறு எண்ணையும் 4294967296ஆம் அடுக்குக்கு உயர்த்தி நம் எண்ணால் வகுத்தால் 1 எஞ்ச வேண்டும். அடுக்கு பூதாகரமாகத் தெரிந்தாலும் 32 முறை வர்க்கப்படுத்தி, ஒவ்வொரு முறையும் மீதியை மட்டும் வைத்துக்கொண்டால் முடிந்தது. 2ஐ எடுத்தால் சோதனை ஏமாற்றிவிடும்: ஐந்தாவது வர்க்கப்படுத்தலில் மீதி −1, ஆறாவதில் 1, பிறகு கடைசிவரை 1. எல்லா ஃபெர்மா எண்களும், பகா எண்ணானாலும் பகு எண்ணானாலும், 2ஐ வைத்துச் செய்யும் இந்தச் சோதனையில் தேறிவிடும். 3ஐ எடுத்தால் சாயம் வெளுக்கும். 31 முறை வர்க்கப்படுத்திய பின் மீதி 10324303, 32ஆவதில் 3029026160. 1 அல்ல என்பதால் எண் பகு எண். ஃபெர்மா எண் பகா எண்ணாக இருந்தால், கடைசிக்கு முந்தைய வர்க்கப்படுத்தலில் −1 எஞ்சியே ஆக வேண்டும், எஞ்சினால் பகா எண்ணே என்று 1877இல் பெப்பான் காட்டினார். பெரிய ஃபெர்மா எண்களைக் கணினியில் சோதிக்க இன்றும் இதுவே கருவி.

இவற்றையெல்லாம் ஒருசேர வைத்துப் பார்க்கும்போது ஃபெர்மாவின் தவறு வியப்பூட்டுகிறது. சிறிய தேற்றத்தை அவர் ஃப்ரெனிக்லுக்கு எழுதியது 1640 அக்டோபர் 18 அன்று. அதே ஆண்டு ஜூனில் 2³⁷ − 1 என்ற எண்ணை எடுத்து, அதன் காரணிகள் 74இன் மடங்கோடு 1 சேர்ந்தவையாக இருக்க வேண்டும் என்று கண்டு, 149, 223 என்ற இரண்டே சோதனைகளில் 223 என்ற காரணியை எட்டியிருந்தார். ஆய்லர் நம் எண்ணுக்குப் பயன்படுத்திய அதே முறை அது. இரு வர்க்கத் தேற்றமும் அதே ஆண்டு டிசம்பரைச் சேர்ந்தது. கையில் கருவிகள் எல்லாம் இருந்தும் 641ஐ அவர் தவறவிட்டார். ஒருவேளை வகுத்துப் பார்த்தபோது எங்கோ கணக்கு பிசகியிருக்கலாம் என்று கணித வரலாற்றாசிரியர்கள் ஊகிக்கிறார்கள். அது ஊகம்தான் என்றாலும், முறை தெரியாததைவிடக் கைக்கணக்குப் பிசகே பொருத்தமான விளக்கமாகப் படுகிறது.

ஃபெர்மா எண்களுக்கிடையே நெருங்கிய உறவு ஒன்று உண்டு. ஒவ்வொன்றும் தனக்கு முந்தைய எல்லாவற்றின் பெருக்குத்தொகையைவிட 2 அதிகம். 3 × 5 × 17 × 257 × 65537 = 4294967295; இதோடு 2 கூட்டினால் நம் எண். இதனால் 257ஆல் நம் எண்ணை வகுத்தால் மீதி 2 என்பது சோதிக்காமலே தெரியும். எந்த இரண்டு ஃபெர்மா எண்களுக்கும் பொதுக் காரணி இருக்க முடியாது என்பதும் இதிலிருந்தே வரும். 1730இல் கோல்ட்பாக் ஆய்லருக்கு எழுதிய இன்னொரு கடிதத்தில் இது இடம்பெற்றது. முடிவில்லாத வரிசையில் ஒவ்வோர் எண்ணும் தனக்கென்று புதுப் பகாக் காரணி வைத்திருப்பதால், பகா எண்கள் எண்ணற்றவை என்பதற்கும் இது ஒரு நிறுவல்.

1796இல் கவுஸ் ஒழுங்குப் பதினேழு கோணத்தை அளவுகோலும் கவராயமும் மட்டும் கொண்டு வரைய முடியும் என்று கண்டபோது ஃபெர்மா எண்கள் வடிவியலுக்குள் வந்தன. பக்கங்களின் எண்ணிக்கை வெவ்வேறு ஃபெர்மா பகா எண்களின் பெருக்கமாக இருந்தால் மட்டுமே ஒற்றைப்படைப் பக்கங்கள் கொண்ட ஒழுங்குப் பலகோணத்தை அவ்வாறு வரையலாம். ‘மட்டுமே’ என்ற பகுதியை 1837இல் வான்ட்செல் நிறுவினார். தெரிந்த ஐந்து ஃபெர்மா பகா எண்களிலிருந்து 31 பலகோணங்கள் கிடைக்கும். அவற்றில் மிகப் பெரியதன் பக்கங்கள் 4294967295. இதைவிட இரண்டு பக்கம் கூடிய 4294967297 பக்கப் பலகோணத்தை வரைய முடியாது, தடை 641. இந்தியச் செய்யுளிலக்கணத்தார் மேரு பிரஸ்தாரம் என்ற பாஸ்கல் முக்கோணத்திலும் இதே எல்லைக்கோடு தெரிகிறது. அதில் ஒற்றைப்படை எண்ணுக்கு 1, இரட்டைப்படைக்கு 0 என்று மாற்றி ஒவ்வொரு வரியையும் இரும எண்ணாக வாசித்தால் உச்சியிலுள்ள 1க்குப் பின் 3, 5, 15, 17, 51, 85, 255, 257 என்று போகும். முதல் 31 வரிகளும் அந்த 31 பலகோணங்களே. 32ஆம் வரியில் வருவது 1, 31 பூச்சியங்கள், 1. அங்கே ஒழுங்கு முறிகிறது.

கணினித் துறையில் 32 இருமங்களால் குறிக்கக்கூடிய மதிப்புகள் 4294967296. இணைய முகவரிகளின் நான்காம் பதிப்பில் உள்ள முகவரிகளின் எண்ணிக்கையும் இதுவே. நம் எண் அந்தக் கொள்கலனில் அடங்காது. 32 இருமப் பெட்டியில் போட்டால் வழிந்து வெறும் 1 ஆக நிற்கும். இது பகு எண்ணாக இருப்பதால் நடைமுறை விளைவு ஒன்றும் உண்டு. 1991இல் லாய், மாஸி ஆகியோர் வடிவமைத்த ‘ஐடியா’ என்னும் மறையாக்க முறை 16 இருமத் துண்டுகளை 65537இன் மீதிகளில் பெருக்குகிறது. 65537 பகா எண் என்பதால் ஒவ்வொரு பெருக்கலையும் திரும்ப அவிழ்க்க முடியும். அதே முறையை 32 இருமத் துண்டுகளுக்கு அப்படியே விரிக்க முடியாது. 641இன் மடங்குகளுக்குத் தலைகீழி இல்லை.

அடுத்த ஃபெர்மா எண்களின் கதையும் இதே போக்கில் செல்கிறது, வேலை மட்டும் பன்மடங்காகிறது. 2⁶⁴ + 1, அதாவது 18446744073709551617, 274177 × 67280421310721 எனப் பிரியும். கிளாவுசன் 1855இலும், அவரைச் சாராமல் லாந்திரி 1880இலும் கண்டனர். ஏழாம் எண்ணைப் பிரிக்க மோரிசனும் பிரில்ஹார்ட்டும் 1970இல் கணினியை நாட வேண்டியிருந்தது. எட்டாவதன் காரணியை பிரென்ட், போலார்ட் இருவரும் 1980இல் கண்டனர். ஐந்தாவது முதல் 32ஆவது வரையிலான ஒவ்வொரு ஃபெர்மா எண்ணும் பகு எண் என்று உறுதியாகியுள்ளது; 65537க்குப் பிறகு ஃபெர்மா பகா எண் ஒன்றுகூட அகப்படவில்லை. 20ஆவதும் 24ஆவதும் பகு எண்கள் என்று பெப்பான் சோதனை சொல்லிவிட்டது, காரணி ஒன்றும் தெரியாது. பகா எண்ணா பகு எண்ணா என்று தீர்மானமாகாதவற்றுள் மிகச் சிறியது 33ஆவது ஃபெர்மா எண். அதன் இலக்கங்களின் எண்ணிக்கையே 2585827973.